மூன்று அறுபத்தேழும் ஒரு கடலை மிட்டாயும்

எனக்கு ஊர் கோவில்பட்டி. கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். அந்த ஊர்க்காரி பெற்ற பிள்ளைக்கு நிலக்கடலை ஆகாது என்று நியூஜெர்சியில் ஒரு டாக்டர் சொன்னார். அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். "கடலை ஒத்துக்காத பிள்ளையும் உண்டுமாட்டி உலகத்துல?" என்றாள். அப்போது அவனுக்கு ஒன்றரை வயது. இப்போது ஏழு. இடையில் முந்திரியும் சேர்ந்துகொண்டது.

போன வருடக் கடைசியில் அலர்ஜி டாக்டர் எங்களை உட்காரவைத்து மூன்று வழிகளைச் சொன்னார். இதுவரை செய்ததுபோலவே கடலையை அண்டவிடாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. கடலையையே துளித்துளியாகக் கொடுத்து உடம்பைப் பழக்குவது இன்னொன்று. அலர்ஜி கிளம்பாமல் தடுக்கும் ஓமலிசுமாப் என்ற ஊசி மூன்றாவது. கடலைப் புரதம் உள்ள, முதுகில் ஒட்டும் பட்டை ஒன்றும் பேச்சில் வந்து போனது. "வீட்டில் பேசி முடிவு சொல்லுங்கள், அவசரமில்லை" என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு வேலை புள்ளிவிவரத்தோடுதான், ஆனால் மருத்துவத்தில் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளை இறக்கிப் படிக்க ஆரம்பித்தேன். முதல் நாளே தலை சுற்றியது. கடலை கொடுத்துப் பழக்கிய பெரிய ஆய்வில் பலன் கண்டவர்கள் 67 சதவீதம். ஊசி ஆய்வில் 67 சதவீதம். பட்டை ஆய்விலும் 67 சதவீதம். (ஊசி ஆய்வில் முட்டை அலர்ஜிக்கும் அதே 67தான் வந்திருந்தது. எங்களுக்கு முட்டையில் பிரச்சினை இல்லை, அதனால் அதை விட்டுவிட்டேன்.) மூன்று கடையிலும் ஒரே விலை போட்டிருந்தால் எந்தக் கடையில் ஏறுவது? இரண்டு மாதம் அந்த மூன்று அறுபத்தேழையும் பிரித்துப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை. என் மகனுக்கு எடுத்த முடிவு உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனால் என்னென்ன கேட்க வேண்டும் என்பது பொருந்தும்.

எவ்வளவு கடலை?

எல்லா ஆய்வும் மில்லிகிராமில் பேசுகின்றன. அதுவும் கடலையின் எடை இல்லை, கடலையில் உள்ள புரதத்தின் எடை. ஒரு பருப்பில் ஏறத்தாழ 250 முதல் 300 மில்லிகிராம் புரதம். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

முடிவெடுக்கும் முன் டாக்டர் உணவுச் சோதனை ஒன்றைச் செய்துவிடலாம் என்றார். தோலில் குத்திப் பார்ப்பதும், ரத்தத்தில் ஐஜிஈ (அலர்ஜியைக் கிளப்பும் எதிர்ப்புப் புரதம்) பார்ப்பதும் 'அலர்ஜி இருக்க வாய்ப்புண்டு' என்ற அளவுக்குத்தான் சொல்லும். எந்த அளவில் உடம்பு கிளம்பும் என்று தெரிய, ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆப்பிள் கூழில் நிலக்கடலை மாவைக் கலந்து முதலில் 1 மில்லிகிராம், பிறகு 3, 10, 30, 100. ஒவ்வொன்றுக்கும் நடுவே காத்திருப்பு. மகன் டேப்லெட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். 30இல் காதைத் தேய்த்தான். நான் பார்த்தேன், நர்ஸும் பார்த்தார், இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. 100 கொடுத்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கழுத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. இருமினான். "அம்மா, தொண்டையில ஏதோ உக்காந்திருக்கு" என்றான். நர்ஸ் அவன் தொடையில் அலர்ஜியை அடக்கும் அட்ரினலின் ஊசியைக் குத்தி, எடுக்காமல் மூன்று எண்ணினார். கொஞ்ச நேரத்தில் தடிப்பு அடங்கி, விட்ட இடத்திலிருந்து கார்ட்டூனைத் தொடர்ந்தான். எனக்குத்தான் சாயந்திரம் வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

ஆக அவனுடைய எல்லை 100 மில்லிகிராம். ஒரு கடலையில் மூன்றில் ஒரு பங்கு. இந்த எண் கையில் இல்லாமல் வழிகளை ஒப்பிட உட்காருவதில் அர்த்தமில்லை. பழக்கும் ஆய்வு, ஊசி ஆய்வு இரண்டும் 100 மில்லிகிராமிலோ அதற்குள்ளோ கிளம்புகிறவர்களைத்தான் சேர்த்திருந்தன. அதனால் அவற்றின் விடை என் மகனுக்குப் பொருந்தும் என்று தைரியமாக எடுத்துக்கொண்டேன்.

அண்டவிடாமல் வைப்பது

இதைச் 'சும்மா இருப்பது' என்று பலர் நினைக்கிறார்கள். ஐந்தரை வருடம் செய்தவள் சொல்கிறேன், மூன்றிலும் அதிக வேலை இதுதான். ஆனால் மிகக் குறைந்த ஆபத்தும் இதில்தான் என்பதை எண்களைப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன்.

கனடாவில் கடலை அலர்ஜியுள்ள 1,941 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், தெரியாமல் கடலை உள்ளே போனது வருடத்துக்கு 12.4 சதவீதம். எட்டில் ஒரு பிள்ளைக்கு வருடம் ஒருமுறை தவறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உணவு அலர்ஜி உள்ளவர்களில் அதனால் உயிரிழப்பது வருடத்துக்குப் பத்து லட்சத்தில் சுமார் இரண்டு பேர். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு வெகுநாள் ஆனது. தவறு அடிக்கடி நடக்கும். விபரீதம் மிக அபூர்வம்.

வயதோடு தானாகவே போய்விடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஐந்தில் ஒரு பிள்ளைக்குப் போகும். என் மகனுக்கு வருடா வருடம் ஐஜிஈ ஏறிக்கொண்டே வந்தது. அந்த ஒருவனாக இவன் இருக்கமாட்டான் என்று டாக்டர் நாசூக்காகச் சொல்லிவிட்டார்.

அமெரிக்கக் கடைச் சாமானில் இதைக் கடைப்பிடிப்பது ஓரளவு எளிது. 2004இல் வந்த சட்டப்படி கடலை சேர்த்திருந்தால் லேபிளில் எழுதியே ஆக வேண்டும். 'கடலை கலந்திருக்கலாம்' என்ற வாசகம் மட்டும் கம்பெனியின் விருப்பம். எழுதாமலும் விடலாம். சிக்கலெல்லாம் லேபிள் இல்லாத நம் சமையலில்தான். எங்கள் பக்கத்துத் தமிழர் கூடுகையில் ஒருமுறை இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி. கேட்டுத்தான் வைத்தேன். "கடலை போட்டிருக்கீங்களா?" "பொட்டுக்கடலைதான் போட்டேன்." உண்மைதான், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பொட்டுக்கடலை தீர்ந்துபோய், கூட ஒரு பிடி வறுத்த நிலக்கடலையையும் சேர்த்து அரைத்தது வேறொருவர். அவனுக்கு உதடு வீங்கியது. நம் மொழியில் 'கடலை' ஒரு பெரிய குடும்பம்: நிலக்கடலை, கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, கடலைப்பருப்பு, கடலைமாவு. இதில் நிலக்கடலை தவிர மற்ற எல்லாம் அவன் சாப்பிடுவான். அவன் பள்ளி நர்ஸிடம் 'எங்கள் வீட்டில் கடலைமாவு பஜ்ஜி உண்டு' என்று விளக்கப் போய் அரை மணி நேரம் போனது.

எண்ணெய் இன்னொரு தலைவலி. இங்கிலாந்தில் 1997இல் வெளியான ஒரு சிறு ஆய்வு எனக்கு மிகவும் உபயோகமாக இருந்தது. கடலை அலர்ஜி உள்ள 60 பேருக்குக் கடலெண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். ரீஃபைண்ட் எண்ணெயில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுத்திகரிக்காத எண்ணெயில் ஆறு பேருக்கு அலர்ஜி கிளம்பியது. அமெரிக்க லேபிள் சட்டமும் நன்றாகச் சுத்திகரித்த எண்ணெய்க்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. அப்படியானால் ஊரில் 'உடம்புக்கு நல்லது' என்று அம்மா தேடிப்பிடித்து வாங்கும் செக்கெண்ணெய்தான் இவனுக்குக் கெடுதல். அம்மாவுக்கு இதை நம்பவைப்பது ஐஜிஈயை விளக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இங்கேயே, அமெரிக்காவிலேயே, மேற்கத்திய உணவிலேயே வளர்கிற பிள்ளையாக இருந்தால், ஒரே ஒரு அலர்ஜியாக இருந்தால், நான் இந்த வழியிலேயே இருந்திருப்பேன். தொடையில் குத்தும் அட்ரினலின் ஊசிப் பேனா இரண்டு, லேபிள் படிக்கும் பழக்கம், அவ்வளவு போதும். எங்கள் நிலைமை அதுவல்ல.

கொடுத்துப் பழக்குவது

முள்ளை முள்ளால் எடுப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் 67 இங்கேதான் வருகிறது.

பாலிசேட் என்ற ஆய்வு 2018இல் வெளியானது. 4 முதல் 17 வயது வரை உள்ள 372 பேருக்கு நிலக்கடலை மாவு மருந்து, 124 பேருக்கு வெறும் மாவு. முதல் நாள் டாக்டர் முன்னிலையில் அரை மில்லிகிராமில் தொடங்கி, பிறகு வீட்டிலேயே தினம் 3 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு படி ஏற்றி, சுமார் ஆறு மாதத்தில் 300 மில்லிகிராம். அதாவது தினமும் ஒரு கடலை. அதை இன்னும் ஆறு மாதம். முடிவில் 600 மில்லிகிராமை, இரண்டு கடலையை, தாங்கியவர்கள் 67.2 சதவீதம். வெறும் மாவு எடுத்தவர்களில் 4 சதவீதம். இதை வைத்துத்தான் 2020 ஜனவரியில் அமெரிக்காவில் பால்ஃபோர்சியா என்ற இந்த மாவு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. பல டாக்டர்கள் மளிகைக் கடை நிலக்கடலை மாவை வைத்தே இதைச் செய்கிறார்கள். எங்கள் டாக்டரும் அப்படித்தான்.

இந்த 67க்குள் ஒளிந்திருப்பது என்ன? பாதியில் விட்டவர்களையும் தோற்றவர்களாக எண்ணியிருக்கிறார்கள். கடைசிவரை நின்ற 296 பேரை மட்டும் எடுத்தால் 250 பேர், அதாவது 84 சதவீதத்துக்கு மேல் ஜெயித்திருக்கிறார்கள். நின்றவனுக்கு நல்ல மருந்து. ஆனால் 11.6 சதவீதம் பேர் பக்கவிளைவு தாங்காமலேயே விலகினார்கள். அட்ரினலின் போட வேண்டி வந்தது மருந்து எடுத்தவர்களில் 14 சதவீதம், வெறும் மாவு எடுத்தவர்களில் 6.5.

2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பு இதை இன்னும் முகத்தில் அடித்தாற்போல் சொன்னது. 12 ஆய்வுகள், 1,041 பேர். கடலை கொடுத்துப் பழக்கியவர்களில் 22.2 சதவீதம் பேருக்கு அனாஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தாகக்கூடிய கடும் அலர்ஜி. பழக்காமல் விலக்கி வைத்தவர்களில் 7.1. மூன்று மடங்கு. படித்ததும் எனக்குப் பொறி தட்டியது இங்கேதான். இந்தச் சிகிச்சை ஆபத்தைக் குறைப்பதில்லை, இடம் மாற்றுகிறது. எப்போதோ எங்கேயோ யாரோ வீட்டுச் சட்னியில் வரவேண்டியது, தினம் காலை எட்டு மணிக்கு நம் அடுப்படியில், நம் கையாலேயே வருகிறது. தெரிந்த நேரம், தெரிந்த இடம், பக்கத்திலேயே பேனா. இதை விரும்புகிறவர்கள் உண்டு. என் கணவர் அந்தக் கட்சி. "எப்ப வரும்னு தெரியாம பயந்து சாகறதுக்கு, தெரிஞ்சு வரட்டுமே" என்பார். நான் அப்படியில்லை.

அப்புறம் நித்திய விரதம்போல அதன் நியமங்கள். வெறும் வயிற்றில் கொடுக்கக்கூடாது. கொடுத்தபின் இரண்டு மணி நேரம் ஓட்டம் சாட்டம் கூடாது. சுடுதண்ணீர்க் குளியல் கூடாது. காய்ச்சல் வந்தால் அளவைக் குறைக்க வேண்டும் அல்லது டாக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டும். ஆஸ்துமா அடங்கியிருக்க வேண்டும். என் மகனுக்கு லேசான ஆஸ்துமா உண்டு, குளிர்காலத்தில் தலைகாட்டும். வாரம் மூன்று நாள் கால்பந்து. போதாக்குறைக்குக் கடலை வாசம் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். அது உடம்பு அவனுக்குச் சொல்லிக்கொடுத்த புத்தி. அதற்கு எதிராகத் தினம் காலையில் மல்லுக்கட்ட வேண்டும்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் விடை உண்டு. ஸ்டான்ஃபோர்டில் 120 பேரை வைத்து நடந்த ஆய்வில், இரண்டு வருடம் பழக்கிவிட்டு ஒரு பிரிவினருக்குச் சுத்தமாக நிறுத்தினார்கள். ஒரு வருடம் கழித்து, பழைய அளவான 4 கிராமைத் தாங்கியவர்கள் 13 சதவீதம்தான். அப்படியானால் இது முடிகிற சிகிச்சை இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மகனுக்கு ஒன்றரை வயதிலேயே யாராவது இதைச் சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இந்த வழிக்கே போயிருப்பேன். 1 முதல் 3 வயதுக் குழந்தைகள் 146 பேரை வைத்து நடந்த இம்பாக்ட் ஆய்வு 2022இல் வந்தது. பழக்கிய குழந்தைகளில் 71 சதவீதம் பேர் சிகிச்சை முடிவில் கடலையைத் தாங்கினார்கள். அதைவிடப் பெரிய விஷயம், நிறுத்தி ஆறு மாதம் ஆன பிறகும் 21 சதவீதம் பேருக்கு அலர்ஜி திரும்பவில்லை. இளம் வயதில் எதிர்ப்புச் சக்தி களிமண்போல இருக்கிறது. ஏழில் கொஞ்சம் காய்ந்துவிடுகிறது. உங்கள் பிள்ளைக்கு மூன்று வயதுக்குள் என்றால், நான் மேலே புலம்பியதை ஒதுக்கிவைத்துவிட்டு டாக்டரிடம் இதைப்பற்றித்தான் முதலில் பேசுங்கள்.

ஊசி

ஓமலிசுமாப் புது மருந்து இல்லை. ஜோலேர் என்ற பெயரில் 2003இலேயே ஆஸ்துமாவுக்கு வந்துவிட்டது. வேலை எளிது: ரத்தத்தில் திரியும் ஐஜிஈயைப் பிடித்துக் கட்டிப்போடுவது. ஐஜிஈ இல்லாவிட்டால் கடலை வந்தாலும் சேதி சொல்ல ஆளில்லை. அதே 2003இல் இதன் பங்காளி மருந்து ஒன்றைக் கடலை அலர்ஜிக்காரர்கள் 84 பேரிடம் சோதித்தார்கள். அதிக அளவு பெற்றவர்கள் அரைக் கடலையிலிருந்து ஒன்பது கடலை வரை தாங்கினார்கள். அப்படியும் உணவு அலர்ஜிக்கு அனுமதி வர 2024 பிப்ரவரி ஆகிவிட்டது. இருபத்தோரு வருடம். அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தனி மேசையில் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

அனுமதிக்குக் காரணமான அவுட்மேட்ச் ஆய்வில் கடலையோடு இன்னும் இரண்டு உணவாவது ஒத்துக்கொள்ளாதவர்களை மட்டும் சேர்த்தார்கள். 16 வாரம் ஊசி. பிறகு 600 மில்லிகிராம் கடலையைத் தாங்கியவர்கள் 118 பேரில் 79. இதுதான் இரண்டாவது 67. வெறும் ஊசி போட்ட 59 பேரில் நான்கு பேர்.

இலக்கு அதே இரண்டு கடலை. ஆனால் அங்கே ஒரு வருடம் தினம் கடலை தின்று வந்த 67. இங்கே நான்கு மாதம், கடலையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வந்த 67. அதுவும் 44 சதவீதம் பேர் இரண்டு கடலையோடு நிற்காமல் சுமார் 25 கடலைக்குச் சமமான அளவை எட்டியிருக்கிறார்கள். இதைப் படித்துக் குதிக்கப் போனவளை அடுத்த வரி உட்காரவைத்தது. 14 சதவீதம் பேரால் 30 மில்லிகிராமைக்கூடத் தாங்க முடியவில்லை. ஏழில் ஒருவருக்கு மருந்து வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். அந்த ஏழாவது ஆள் நம் பிள்ளையா இல்லையா என்று ஊசியைப் பார்த்துச் சொல்ல முடியாது. மறுபடி ஆஸ்பத்திரியில் உணவுச் சோதனை செய்தால்தான் தெரியும்.

முந்திரியை மறந்துவிடவில்லை. அதே ஆய்வில் முந்திரியை 1,000 மில்லிகிராம் தாங்கியவர்கள் 41 சதவீதம், வெறும் ஊசிக்கு 3. கடலையைவிடக் குறைவுதான். ஆனால் பழக்கும் வழியில் போனால் கடலைக்கு ஒரு கிண்ணம், முந்திரிக்கு ஒரு கிண்ணம் என்று இரண்டு விரதம். ஊசி எந்த உணவு என்று பார்ப்பதில்லை. வெண்பொங்கல், பாயசம், குருமா, கேசரி என்று முந்திரி இல்லாமல் ஒரு நல்ல நாள் நகராத வீட்டில் இது சின்ன விஷயமா?

இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட பகுதியும் அவுட்மேட்சிலேயே உண்டு. முடிவுகள் 2025இல் வந்தன. தொடர்ந்து ஊசி போட்டவர்களில் 36 சதவீதம் பேர் மூன்று உணவையும் 2 கிராம் வரை தாங்கினார்கள். ஊசியோடு தொடங்கிப் பழக்கும் முறைக்கு மாறியவர்களில் 19 சதவீதம். வித்தியாசத்துக்குப் பெரிய காரணம், பழக்கும் பக்கம் போனவர்கள் பக்கவிளைவால் பாதியில் விட்டதுதான். இங்கே கவனமாக இருக்க வேண்டும். பழக்கும் முறை வேலை செய்யவில்லை என்று இது சொல்லவில்லை. பல உணவு அலர்ஜி உள்ளவர்களால் அதில் நிலைத்து நிற்க முடியவில்லை என்று சொல்கிறது.

ஊசியின் குறைகளை ஒளிக்க வேண்டியதில்லை. நிறுத்தினால் ஐஜிஈ மறுபடி வெளியே வரும், பாதுகாப்புப் போகும். மருந்தே அபூர்வமாக அனாஃபிலாக்சிஸ் உண்டாக்கும் என்று பெட்டியின்மேல் கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறார்கள். முதல் சில ஊசிகளை டாக்டரிடமே போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். அலர்ஜி கிளம்பிய பிறகு போடுகிற மருந்து இது இல்லை, அதற்கு அட்ரினலின்தான். கடலையைத் தின்னலாம் என்ற உத்தரவும் இல்லை, விலக்கு தொடரும். விலை கேட்டால் மயக்கம் வரும். எங்கள் இன்சூரன்ஸ் முதல் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. டாக்டர் உணவுச் சோதனைத் தாளை இணைத்து நீளக் கடிதம் எழுதிய பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

பட்டையைப் பற்றி இரண்டே வரி. எபிடோப் ஆய்வில் 1 முதல் 3 வயதுக் குழந்தைகளுக்கு 67.0 சதவீதம். மூன்றாவது 67. ஆனால் வெறும் பட்டை ஒட்டியவர்களிலேயே 33.5 சதவீதம் பேர் தேறியிருக்கிறார்கள், தேர்ச்சிக்கான இலக்கும் 600 மில்லிகிராம் இல்லை. சிலருக்கு 300 எட்டினாலே தேர்ச்சி, சிலருக்கு 1,000. 4 முதல் 11 வயதுக்கு நடந்த முந்தைய ஆய்வில் தேறியவர்கள் 35.3 சதவீதம்தான், வெறும் பட்டைக்கு 13.6, 2020இல் அமெரிக்க அரசு அனுமதி தரவில்லை. ஏழு வயதுக்காரனுக்கு நான் அதோடு மூடிவைத்துவிட்டேன்.

எதை வைத்து முடிவெடுத்தோம்

பெட்டியில் அடைத்து விற்கும் உணவில் தவறிக் கலக்கும் கடலைக்கு, பிள்ளையின் எல்லையை 100இலிருந்து 300 மில்லிகிராமுக்கு ஏற்றினாலே ஆபத்து 95 சதவீதத்துக்கு மேல் குறையும் என்று ஒரு கணக்கு உண்டு. பழக்கும் முறையை ஆதரிக்கும் டாக்டர்கள் இதைத்தான் எடுத்துச் சொல்வார்கள். அமெரிக்க பிஸ்கட்டுக்கு இது சரி. போன தடவை ஊருக்குப் போனபோது, மகன் தூங்கிய பிறகு, அம்மா அரைத்து வைத்த கடலைச் சட்னியைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். எத்தனை கடலை போட்டாள், எத்தனை கரண்டி வந்தது என்று வகுத்தால், ஒரு கரண்டியில் எட்டு கடலைக்குக் குறையவில்லை. ஒரு துண்டு கடலை மிட்டாயில் உடைந்த பருப்புகளை எண்ணியே பார்த்தேன், இருபதைத் தாண்டியது. ஒரு கடலைப் பாதுகாப்பு எங்கள் ஊருக்குப் பத்தாது. தவறு நடந்தால் இங்கே தூசி அளவில் நடக்கும், அங்கே கரண்டி அளவில்.

அதனால் ஊசி. இரண்டு உணவு, ஆஸ்துமா, கால்பந்து, ஜூலையில் ஊர்ப்பயணம். ஜனவரியில் தொடங்கினோம், நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஆய்வில் 16 வாரம் போட்ட பிறகுதான் சோதித்தார்கள். அதனால் நாங்களும் மே மாதம் சோதனை வைத்துக்கொண்டோம். கடலையில் 600ஐத் தாண்டினான். முந்திரியில் 300இல் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அந்த 41இல் அவன் இல்லை. கணவர் விடவில்லை. ஆஸ்துமா முழுக்க அடங்கினால், பத்து வயதுக்கு மேல், அவனே கேட்டால், பழக்கும் முறையை யோசிக்கலாம் என்று எழுதி ஒட்டாத குறையாக ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்.

நடுவில் மகள் பிறந்தாள். அவளுக்கு வேறு கணக்கு. லண்டன் கிங்ஸ் காலேஜில் கிதியோன் லாக் குழு நடத்திய லீப் ஆய்வு 2015இல் வெளியானது. எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோயோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 கைக்குழந்தைகள். ஐந்து வயதுவரை கடலை கொடுக்காமல் வளர்த்தவர்களில் 17.2 சதவீதத்துக்குக் கடலை அலர்ஜி, கொடுத்து வளர்த்தவர்களில் 3.2. அதற்குமுன் பல வருடம் 'மூன்று வயதுவரை கொடுக்காதீர்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் வயிறெரியும். மகளுக்கு ஆறு மாதத்தில் டாக்டர் சம்மதத்தோடு கடலை வெண்ணெயை வெந்நீரில் கரைத்து ஊட்ட ஆரம்பித்தோம். முழுக் கடலை கொடுக்கக்கூடாது, தொண்டையில் அடைக்கும். அண்ணன் பள்ளிக்குப் போன பிறகு, தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல். கை சானிடைசர் கடலைப் புரதத்தை எடுக்காது, சோப்பு எடுக்கும். ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்கு விஷம், இன்னொரு பிள்ளைக்கு மருந்து.

ஊருக்குக் கொண்டுபோகும் பையில் 0.15 மில்லிகிராம் அட்ரினலின் பேனா நான்கு இருக்கிறது. 24 கிலோப் பிள்ளைக்கு அந்த அளவு. இந்தியாவில் அட்ரினலின் ஆம்பூல் ஆஸ்பத்திரிகளில் இருக்கும், மலிவும்கூட. பேனாதான் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைக்காது. யாராவது ஏவில் என்ற அரிப்பு மருந்து ஊசியைப் போட்டுவிட்டு உட்காரவைத்தால் விடக்கூடாது, முதலில் தொடையில் அட்ரினலின், மற்றதெல்லாம் பிறகு என்று ஒரு அட்டையில் தமிழில் எழுதி அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன். பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாளாம்.

நேற்று போனில் மே மாதச் சோதனையைச் சொன்னேன். ரெண்டு கடலை தாங்கினான் என்றேன்.

"அப்பம் வந்தா ஒரு துண்டு கடலை மிட்டாய் கொடுக்கலாமாட்டி?"

"கூடாதும்மா. ஒரு துண்டுல இருபது கடலை இருக்கு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எள்ளு மிட்டாய்?"

"அது சாப்பிடுவான். ஆனா கடலை மிட்டாய் போடுற அதே தட்டுல போட்டதா இருக்கக்கூடாது."

"நானே போடுதேன். புதுத் தட்டு வாங்கி" என்றாள்.